பாதிச் சவரம்

களியக்காவிளையில் இது மூன்றாவது இடம்.
மேலாளர் டைல்ஸைக் காட்டினார்,
சான்றிதழைக் காட்டினார்,
மார்ஃபின் அலமாரியின் இரட்டைப் பூட்டைக்கூட
இழுத்துக் காட்டினார்.
நான் மோந்துகொண்டே நடந்தேன்.
மூத்திர வாடை இல்லை. டெட்டால்தான் கொஞ்சம் அதிகம்.

"பார்க்க ஆள் வராத கட்டில் எது?"

ஒன்பது.
பாறசாலை ரயிலடியில் கிடந்தவர்,
பேச்சில்லை. பாறசாலை என்றே பெயர்.
நகம் வெட்டியிருந்தது.
போர்வையை விலக்கினேன்: குதிகாலில் புண்ணில்லை.
ஒரு கன்னம் மழுமழு.
மறு கன்னத்தில் நரைமுள்.

மேலாளர் முகம் கறுத்தது. "பிரிஸில்லா, என்ன இது?"

"பாதியில உறங்கிட்டாரு சார்.
ராத்திரி பூரா வலி.
மீதி, எழும்பின பொறவு."
சோப்புக் கிண்ணத்தைத் தட்டால் மூடியிருந்தாள்.

படிவம் கேட்டேன்.
என் வீட்டுக்காரருக்கும்
தாடி சீக்கிரம் வளரும்.