ஒரு தியாவ்

யீச்சாங்கில் முதல் வருசம்.
மீன் சந்தையில் ‘ஒரு மீன்’ என்று கேட்டேன்.
கடைக்காரி கத்தியைப் பலகையில் வைத்துவிட்டுத்
திருத்தினாள்.
மீனை அப்படி எண்ணக் கூடாதாம்.
இடையில் தியாவ் போட வேணும்:
யீ தியாவ் யூ.
பின்னால் நின்ற சனமும் சேர்ந்து சொல்லிக் காட்டியது,
பாலர் வகுப்பு மாதிரி.
நான் சரியாய்ச் சொல்லும் வரைக்கும்
மீன் வாலடித்துக்கொண்டு கிடந்தது.

அந்த ஊரில் ஒன்று என்பது சும்மா ஒன்று இல்லை.
குடை, கத்தி, கதிரை
கையால் பிடிக்கிறதுக்கெல்லாம் ஒரு சொல்.
கட்டில், மேசை, கடதாசி, படம், மனிசரின் முகம்
விரிந்து கிடக்கிறதுக்கெல்லாம் வேறொன்று.
தியாவ் நீளமானதுகளுக்கு:
ஆறு, தெரு, பாம்பு, வள்ளம், களிசான்,
பிறகு, செய்தி.
செய்தி எப்படி நீளம் என்று
அறைத்தோழி தாங் லீயைக் கேட்டேன்.
வந்துசேர நாள் எடுக்கும்தானே என்றாள்.
பகிடிக்குத்தான் சொன்னாள்.

நான் போனது அணைக்கட்டுப் படிக்க.
கூடுதலாய்ப் படித்தது சுடுதண்ணி.
காய்ச்சலுக்குச் சுடுதண்ணி, வயிற்றுக்குத்துக்குச் சுடுதண்ணி,
சோதனையில் கோட்டைவிட்டாலும் சுடுதண்ணி.
ரயிலில் போத்தலோடு வரிசையில் நிற்கும் பெட்டி முழுச் சனம்.
வற்றாப்பளைப் பொங்கலன்று நான் போர்வைக்குள் அழ
தாங் லீ தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனதும் அதுதான்.
இப்ப முத்தையன்கட்டில், மத்தியான வெயிலில்,
வான்கதவடியில் நின்று ஆவி பறக்கக் குடிக்கிறேன்.
ஜேசிபிக்காரப் பெடியன்
எனக்கு ஏதோ வருத்தம் என்று நினைக்கிறான்.

பங்குனிக் கடைசியில் கல்லறை கூட்டும் நாள்.
தாங் லீ தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.
ஊர் இல்லை.
அணைத்தண்ணி ஏறி
பள்ளிக்கூடம், தோடந்தோட்டம், பெரியப்பாவின் கல்லறை
எல்லாம் அடியில்.
‘அந்த மஞ்சள் மிதவைக்கு இடப்பக்கம்’ என்று
தகப்பன் நாடியால் காட்டினார்.
விளக்குமாறு கொண்டுவந்திருந்தார்கள்.
கூட்ட ஒன்றும் இல்லாமல் கரைப் படியைக் கூட்டினார்கள்.
கடதாசிக் காசு எரித்தார்கள்.
அவர் தண்ணியைப் பார்த்து மூன்று தரம் குனிந்தார்.

என்னிடமும் ஒரு கட்டு நீட்டினார்கள்.
உங்கட ஆளுக்கும் எரி,
பேரைச் சொல்லி எரி, இல்லாவிட்டால்
வேறு ஆரும் எடுத்துவிடுவார்கள்.

அண்ணாவின் பேரை அங்கே சொன்னால்
அவன் செத்துப்போனவன் ஆகிவிடுவான்.
கிளிநொச்சிக் கொட்டகையில்
அவன்ர படத்தை மடியில் வைத்துக்கொண்டு
அம்மா இருக்கிறா,
ஒரு தியாவ் செய்திக்கு.

கட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
போத்தல் மூடியில்
சுடுதண்ணி ஊற்றித் தந்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் தாங் லீ சொன்னாள்,
உயிருக்கும் தியாவ்தான்.
உங்கட பாசையில் எப்படி?
எங்களிட்ட இப்படிச் சொல்லுகள் குறைவு என்றேன்.
ஆக்களை மட்டும் ‘பேர்’ என்று எண்ணுவோம்.
நாலு பேர், நூறு பேர்.
பேர் என்றால்?
பேர்தான். கூப்பிடுகிற பேர்.
நல்ல சொல் என்று சொல்லிவிட்டு நித்திரையானாள்.

நான் நித்திரையாகவில்லை.
முகாமில் எங்களை எண்ணினவன்
ஆட்காட்டி விரலை நீட்டி எண்ணினான்.
வாயால் ஒரு சொல்லும் வரவில்லை.
எனக்குப் பதின்மூன்று வயசு.
விரல் என்னைத் தாண்டிப் போனபிறகு
என் பேரை நானே
மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

இன்றைக்கு ஞாயிறு. வட்டுவாகல் பாலத்தடி.
கூடையில் திரளி, ரெண்டு மூன்று இன்னும் உயிரோடு.
‘எத்தனை அக்கா?’
யீ தியாவ் என்று வாய் சொல்லிப்போட்டுது.
‘என்னது?’
ஒண்டு, தம்பி. ஒண்டு காணும்.
வெட்டித் தரட்டோ என்றான். வேண்டாம்.
அம்மா தானே பார்த்து வெட்ட வேணும்.

பரந்தன் வீதியில் ஏறினேன்.
ஸ்கூட்டி ஹாண்டிலில் தொங்கிய பை
கேப்பாப்புலவுச் சந்தி தாண்டியும்
உள்ளே இருந்து அடித்துக்கொண்டு வந்தது.