தாயின் வயது: 71 நாள்

படிவத்தில் நாலாவது வரி
தாயின் வயதைக் கேட்கிறது.
'வருடம்' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு
'நாள்' என்று எழுதுகிறேன்.
எழுபத்தொன்று.

தூக்கணாம்பாக்கத்திலிருந்து குட்டியானையில்
கன்றுக்குட்டி வந்து இறங்கியது.
கொஞ்சம் தமிழ்நாடு, கொஞ்சம் புதுச்சேரி,
மறுபடி தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி;
சாராயக்கடையைப் பார்த்தால்தான்
எந்த மாநிலம் என்றே தெரியும் என்று சிரித்தார் இருசப்பன்.
கன்று மட்டும் வழிநெடுக
பசி என்கிற ஒரே மாநிலத்தில்.
மயக்கம் கொடுக்கணும், விடிகாலையில் பால் ஊட்டாதீங்க
என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

மூன்று நாள், காலையும் மாலையும்
ஊசியோடு போய்வந்தவன் அமலதாசன்.
நாலாவது ஊசிக்கே
அவன் பைக் சத்தம் கேட்டு
வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்ததாம்.

திரையில் பார்த்தேன்:
அவரைக்கொட்டை அளவு சூலகம்,
அதன்மேல் வெந்த ஜவ்வரிசியாய்க் கொப்புளங்கள்,
இன்னும் பத்து மாதம் தூங்க வேண்டியவை.
ஊசிமுனை, உறிஞ்சல், அடுத்தது.
நாற்பத்து மூன்று முட்டை.
வளர்ந்த பசுவில் பத்து கிடைத்தாலே
டாக்டர் செலின் எல்லோருக்கும் டீ சொல்வார்.
இன்று சமோசாவும் வந்தது.

மயக்கம் தெளிந்ததும்
அது தேடியது மடியை.
கையுறை போட்ட என் விரலைக் கவ்விச் சப்பியது.
சொரசொர நாக்கு. எல்லாம் பால்பல்.
வயிற்றில் மூன்று தையல்.
பக்கத்து அறையில்
முப்பத்தெட்டரை பாகை இளஞ்சூட்டில்
நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கு வழி இருக்க,
என் விரலில் பால் சுரக்கவில்லையே என்று
முட்டியது, மறுபடி முட்டியது.

"ஏம்மா, பொறக்கப்போறத
இதுக்குப் புள்ளன்னு சொல்றதா, தங்கச்சின்னு சொல்றதா?"
இருசப்பனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
காப்பீட்டுக்காரரும் இதையேதான் கேட்டார்,
கொஞ்சம் இலக்கணச் சுத்தமாக.

மறுநாள் முதிர்ந்தவை முப்பத்தொன்று.
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறிலிருந்து
விந்துக்குச்சி எழுந்து வந்தது.
அந்தக் காளை செத்து ஒன்பது வருடம்.
ஆக, அப்பன் இல்லை;
அம்மா பால்குடி.

மூன்றாம் நாள் பத்தொன்பது.
ஐந்தாம் நாள் ஆறு.
இளம் முட்டைக்குப் பொறுமை கிடையாது என்பார் செலின்.
பாடப்புத்தகம் அதற்கு வேறு சொல் வைத்திருக்கிறது.
ஆறாம் நாள் ராத்திரி மின்சாரம் போய்
ஜெனரேட்டர் இருமி இருமி எழும் வரைக்கும்
இன்குபேட்டர் கதவில் உள்ளங்கையை வைத்தபடி நின்றேன்.
அதனால் ஒரு பயனும் இல்லை என்று
சோதனைக்கூடத்தில் எல்லோரையும்விட எனக்குத்தான் தெரியும்.

ஏழாம் நாள் ஒன்று.

பாகூரில் சந்தனமேரி வீட்டுப் பசுவுக்குள்
அந்த ஒன்றை வைத்தோம்.
நாற்று நட்டார்கள், அறுத்தார்கள்,
சாலையில் காயப்போட்ட நெல்மேல் என் ஸ்கூட்டர் ஏறித்
திட்டு வாங்கினேன்.
பிறகொரு விடியலில் பிறந்தது.
பெண். நெற்றியில் வெள்ளைச் சுழி.
ஈன்ற பசு நக்கித் துடைத்தது,
யார் கணக்கு என்று கேட்காமல்.

அதே வாரம் இருசப்பனின் போன்:
"ராத்திரி பூரா கத்துதும்மா. தீனிய மோந்துகூடப் பாக்கல."
போனேன். கண்ணாடி இழையாய் ஒழுக்கு.
அதற்கு முதல் பருவம்.
தையல் போட்ட இடங்களில் மட்டும்
முடி வெள்ளையாய் முளைத்திருந்தது.
என் விரலை முகர்ந்து பார்த்தது.
சப்பவில்லை.

மருந்தக அட்டையை நிரப்ப வேண்டும்.
பசுவா, கிடாரியா. எத்தனை ஈற்று.
பேனா கொஞ்சம் நின்றது.
இரண்டு மூன்று எல்லை தாண்டி, பாகூரில்,
இதன் மகள் இந்நேரம்
வேறொருத்தி மடியை முட்டிக்கொண்டிருக்கும்.

கிடாரி, என்று எழுதினேன்.
ஈற்று: இல்லை.