ஐம்பத்தெட்டு டிகிரி

ஔலு நகரத்துச் சோதனைக்கூடத்தில்
எங்கள் உறைக்கு நல்ல சாவு வாய்த்தது.
ஐம்பத்தெட்டு டிகிரி வெப்பம்,
அளந்து தெளித்த ஈரம்,
பன்னிரண்டே வாரம்.
சல்லடையில் ஒரு துணுக்கும் நிற்கவில்லை.
சான்றிதழ் வந்த அன்று கேக் வெட்டினோம்
(பிளாஸ்டிக் கத்தி; யாரும் வாய் திறக்கவில்லை).

தைமி மட்டும்
புகையூட்டிய சால்மன் தின்று முடித்த உறையை
லைலாக் செடிக்கடியில் புதைத்தாள்.
அடையாளத்துக்கு ஒரு காகிதச் சீட்டு:
தேதி, தன் பெயர்.

பனி விழுந்தது. போனது. மறுபடி விழுந்தது.
மே மாதம் மண் இளகியதும் தோண்டினாள்.
சீட்டைக் காணோம்.
அவள் பெயரைப் புழு தின்றிருந்தது,
தேதியையும்.
உறை இருந்தது.
உதறினால் சரசரத்தது.
'மண்ணுக்கே திரும்புவேன்' என்ற பச்சை எழுத்தில்
ஒரு புள்ளிகூட உதிரவில்லை.

திங்கட்கிழமை அதைக் கழுவாமலே
கூட்ட மேசையில் வைத்தாள்.
"மண் என்றால் மண்தானே" என்றார்
விற்பனைப் பிரிவின் யூர்கி.
"உங்கள் மண் காய்ச்சலில் கிடக்கிறது.
என்னுடையது பாதி வருஷம் உறைந்து கிடக்கிறது."

எனக்கு அந்த உறைமேல் கோபமில்லை.
பதினெட்டு நாள்
மீனைக் காற்றுத் தொடாமல் பார்த்துக்கொண்டது.
பிடித்துக்கொள் என்று
எத்தனை பேர் சொல்லிக் கொடுத்தோம்;
விடு என்று சொன்னது
ஒரே ஒரு அடுப்பு.

புது அச்சில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது,
எத்தனை டிகிரியில் மக்கும் என்று.
யூர்கி அதை எறும்பளவாக்கிவிட்டார்.

தைமி இன்னொரு குழி வெட்டினாள்.
இந்த முறை சீட்டு இல்லை.
உறைமேலேயே எழுதினாள் பெயரை.