இரண்டே சீட்

ஆற்காடு ரோட்டில், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்து.
மாடியில் என் டிராவல்ஸ், கீழே ஸ்கேன் சென்டர்.
படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர்
ரிப்போர்ட் வாங்க வந்து மாடி மாறியவர்கள்.
மீதிப் பேருக்குக் கொல்கத்தா, டாக்கா.
ஆப்பிரிக்கா கேட்டு வந்தவர்கள்
இவர்கள்தான் முதல்.

பாரிவள்ளல், ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி.
ஜோதிமலர், ரத்த வங்கியில் வேலை.
கல்யாணமாகிப் பதினாறு நாள்.
நடக்கும்போது மெட்டி அவளுக்கே சத்தமாகக் கேட்கிறது,
நின்று பார்த்துக்கொள்கிறாள்.
"சிங்கம் முதல்ல, கடல் அப்புறம்."

ஜூலைக் கடைசியில் போங்கள் என்றேன்.
தாடி வைத்த மாடுகள் லட்சக்கணக்கில்
ஆறு தாண்டுகிற காலம்.
"ஆத்துல தண்ணி இருக்குமா?"
பாலாற்றுக்காரி கேட்கவேண்டிய கேள்விதான்.
இருக்கும். முதலையும் இருக்கும்.

அடுத்த வியாழக்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள்.
என்னிடம் இருப்பது ஐந்து நாற்காலி.
மாமனார், மாமியார், நாத்தனார் கயல்விழி,
அவள் வீட்டுக்காரர் தணிகைவேல்,
என் உலக உருண்டையை உடனே கழற்றிய இரட்டைப் பிள்ளைகள்.
"அவ்ளோ தூரம் ரெண்டு பேரை மட்டும் எப்படிம்மா அனுப்புறது?"
கோப்பில் தேனிலவு என்பதை அடித்துக்
குடும்பம் என்று எழுதினேன்.
மை ஊறி இரண்டும் தெரிந்தது.

கூடாரத்துக்குத் தாழ்ப்பாள் உண்டா?
ஜிப் உண்டு.
மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குக் கிண்டி வரை போகணுமா?
போகணும், பத்து நாள் முன்னாடியே.
கறுப்பும் நீலமும் வேண்டாம், ஒருவகை ஈ தேடி வந்து கடிக்கும்
என்றதும் மாமனார் நிமிர்ந்தார்:
"நாப்பது வருசமா கறுப்புச் சட்டை.
சாமிக்கே மாத்தல, ஈக்கு மாத்துவனா?"
முறுக்கைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுபோகக் கூடாது,
அந்த நாட்டில் தடை.
மாமியார் யோசிக்கவே இல்லை.
தாம்பூலப் பை நாற்பது மிச்சம் இருக்கிறதாம்,
மணமக்கள் பெயர் அச்சடித்தது.

அத்தனை நேரமும் ஜோதிமலர் வாய் திறக்கவில்லை.
எல்லோரும் இறங்கியபின்
மறந்த குடைக்காகத் திரும்பி வந்தாள்.
குடை அவள் கையில்தான் இருந்தது.
"அக்கா, காட்டுலேருந்து கடலுக்குப் போற அந்தக் குட்டி விமானம்,
அதுல எத்தனை பேர் ஏறலாம்?"
பன்னிரண்டு.
ஜன்னலில் மரமில்லாத மலை,
வெயிலில் வெளுத்து.
அதைப் பார்த்தபடி, "ஓ" என்றாள்.

ஏலகிரிக்கு நாங்கள் ஒன்பது பேர் போனோம்,
இருபத்தோரு வருடம் முன்பு.
அதைப் பற்றி வேறு சொல்வதற்கில்லை.

மறுநாள் மாமனாருக்குப் போன் போட்டேன்.
"ஐயா, விமானத்துல ரெண்டே சீட்தான் இருக்கு.
பையும் பதினஞ்சு கிலோவுக்கு மேல ஏத்தமாட்டான்.
உங்களுக்கு ஜீப்ல நைரோபி, ராத்திரி தங்கல்,
மறுநாள் கடற்கரைக்கு ரயில்.
ஜன்னல்லயே யானை தெரியுமாம்."
நான்கில் ஒன்றுதான் பொய்.
ரயில் என்றதும் அவர் குரல் காட்பாடி ஜங்ஷனுக்குப் போய்விட்டது.
"லோயர் பெர்த் கெடைக்குமா?"
பகல் வண்டிங்க, உட்கார்ந்துதான்.

ஓர் இரவு, ஒரு காலை, ஒரு கடல்.
பயண அட்டவணையில் அந்த வரியை மட்டும்
சின்ன எழுத்தில் அடித்தேன்.

ஆகஸ்டில் படங்கள் வந்தன, எல்லாம் மாமனார் அனுப்பியவை.
கறுப்புச் சட்டை, பின்னால் ஒட்டகச்சிவிங்கியின் கால்கள் மட்டும்.
ரயில் கண்ணாடியில் மங்கலாக ஒன்று,
யானை என்று அவரே எழுதியிருந்தார்.
தாம்பூலப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கும் பிள்ளைகள்.

ஜோதிமலரிடமிருந்து படமில்லை.
ஒரு வரி, மூன்று நாள் கழித்து:
"விமானத்துல ஆறு சீட் காலியா இருந்துச்சு அக்கா."

பதில் எழுத எடுத்த போனைக் கவிழ்த்து வைத்தேன்.
கீழே ஸ்கேன் சென்டரில்
அறுபத்து மூன்றாம் டோக்கனைக் கூப்பிடுகிறார்கள்,
வங்காளத்தில்.