முப்பந்தலில் இரண்டாம் பாதி

பதினொன்றே காலுக்கு
காற்றாலைத் தூண் ஒன்றைச் சுமந்து வந்த டிரெய்லர்
வளைவில் மாட்டிக்கொண்டு சாலைக்குக் குறுக்கே நின்றது.
எண்பது அடி வெள்ளை இரும்பு.
போலீஸ்காரர் டார்ச்சை ஆட்டிக்கொண்டே வந்தார்:
"எல்லாவனும் ஆஃப் பண்ணு. கிரேன் காவல்கிணத்துல இருந்து வரணும்."

என் குட்டியானையில் குளச்சல் அயிலை, இருபத்திரண்டு பெட்டி.
ஐஸ் சொட்டுகிற வேகத்தை வைத்து
எனக்கு மணி சொல்லத் தெரியும்.
இடப்பக்கம் தோவாளைப் பிச்சிப்பூ வேன்.
பின்னால் குலசேகரத்து ரப்பர் ஷீட்.
அதற்கும் பின்னால் பெண்வீட்டார் பஸ்,
அதில் ஒரு குழந்தை விடாமல் அழுதது.
கணவாய்க் காற்று கண்ணாடியை அறைந்தது.

ததேயு அண்ணன் அப்போதுதான் இறங்கினார்.
கோயில் திருவிழாக்களுக்குப் படம் போடுகிறவர்.
தூணை அண்ணாந்து பார்த்து,
"இந்த அளவுல ஒரு திரை நான் கெட்டினதே இல்ல மக்கா" என்றார்.
"லைட்டை அணைங்க. சத்தத்தைக் காத்து கொண்டு போயிரும்,
ரேடியோவைத் தொண்ணூத்தொண்ணுக்குத் திருப்புங்க."

பென் டிரைவில் இருந்தது இரண்டாம் பாதி மட்டும்.
யாரும் வருத்தப்படவில்லை.
முதல் பாதியை ரப்பர் ஷீட்காரர் சொன்னார்,
பஸ்ஸில் ஒருத்தி வேறு மாதிரி சொன்னாள்.

தூண் உருண்டை. அதனால்
கதாநாயகனின் மூக்கு நடுவில் கொழுத்து
காதுகள் இரண்டும் இருட்டுக்குள் வழுகிப் போயின.

ததேயு அண்ணன் வண்டி வண்டியாக வந்து கதை சொன்னார்.
அமெரிக்காவில் ஒருத்தன்,
அவன் அம்மைக்குத் தியேட்டர் நாற்காலி போதவில்லையாம்.
காரின் மூக்கில் எந்திரத்தைத் தூக்கி வைத்து
மரத்துக்கு மரம் படுதா கட்டி,
மழை பெய்தால் எப்படித் தெரியும் என்று
தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டு
உள்ளே உட்கார்ந்து பார்த்தானாம்.
பிறகு ஊர் ஊராக வெட்டவெளியில் கார்கள் வரிசைகட்டின,
முன்சக்கரம் மேட்டில், பார்வை மேல்நோக்கி.
ஜன்னலில் மாட்டிய ஒலிபெருக்கியைக் கழற்ற மறந்து
கம்பியோடு பிடுங்கி வீட்டுக்குப் போனவர்கள் உண்டாம்.
"சென்னையிலயும் ஒண்ணு இருந்துச்சு, கடலோரம். நான் போனதில்ல."

எனக்கு அந்த அம்மையைப் பிடித்தது.

நானும் தியேட்டருக்குப் போய் ஆறு வருடம்.
நாகர்கோவிலில், குளித்து, பவுடர் போட்டு,
உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம்
பக்கத்தில் இருந்தவள் கைக்குட்டையை எடுத்தாள்.
இடைவேளைக்குப் பிறகு என்னைச் சுற்றி
நான்கு நாற்காலி காலி.
படம் என்னவென்று ஞாபகமில்லை. நான்கு என்பது ஞாபகம்.

இங்கே என் நாற்றம் என் வண்டிக்குள்.
காலைத் தூக்கி டேஷ்போர்டில் போட்டிருக்கிறேன்,
சத்தமாகத் தும்மலாம், வில்லனை ஏசலாம்.
அழுகிற குழந்தையை யாரும் வெளியே கொண்டுபோகச் சொல்லவில்லை.
தனியாக இருக்கிறேன்,
நாற்பது வண்டியோடு.

ஒரே குறை, என் ரேடியோ செத்துப் பல மாதம்.
உதடுகள் மட்டும் அசைந்தன.
பூ வேன்காரன் லிங்கதுரை கண்டிருக்க வேண்டும்.
ஒன்றும் சொல்லாமல் தன் கதவை அகலத் திறந்து
சத்தத்தைக் கூட்டினான்.
காற்று அடங்கும்போதெல்லாம்
வசனமும் பிச்சியும் சேர்ந்து வந்தன.
என் பக்கமிருந்து அவனுக்கு என்ன போயிருக்கும் என்று
யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன்.
அவன் கதவைச் சாத்தவில்லை.

கிரேன் வந்து ஒரு மணி நேரம் முக்கியது.
மூன்று மணிக்கு, கதாநாயகி கடிதத்தைப் பிரித்தபோது
திரை நகர்ந்தது.
முகம் தூணிலிருந்து வழிந்து
பின்னால் மலைப்பாறையில் போய் விழுந்தது,
முகமென்று சொல்ல முடியாத அகலத்தில்.
எல்லா ஹாரனும் ஒன்றாக அலறின.
ததேயு அண்ணன் படத்தை நிறுத்தவில்லை.
ரேடியோ உள்ளவர்களுக்கு
அரை கிலோமீட்டர் வரை கடிதம் கேட்டிருக்கும்.

பாளையங்கோட்டையில் பாதி விலைதான் கேட்பார்கள், தெரியும்.
காவல்கிணறு தாண்டி லிங்கதுரையை எட்டிப் பிடித்தேன்.
கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்க
இரண்டு தரம் ஹாரன் அடித்தேன்.
அவன் ஓரம் கட்டி
எனக்கு வழி விட்டான்.