போக்குத் திறப்பு

மூன்றடிப் போக்கு.
அதற்கு ஐந்தடிக் கல்வெட்டு.
கறுப்புக் கல்லில் பொன்னெழுத்தில் தவிசாளர் பேர்,
கீழே உறுப்பினர் பதினொரு பேர்,
அடியில், இடம் போதாமல் நெருக்கியடித்து,
‘மக்கள் பாவனைக்காக.’

ரிபன் வெட்ட இரண்டேகால் மணித்தியாலம் பிந்தி வந்தார்.
பிள்ளைகள் பேண்ட் உடுப்போடு வெயிலில்.
ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.
பொய். எல்லாரும் முணுமுணுத்தோம்,
வாகனம் கிறவலில் திரும்பும் மட்டும்.
மறுகா மாலையோடு ஓடினோம்.

கார்த்திகையில் வெள்ளம்.
போக்கு அடைத்துக்கொண்டது:
சிவநேசராசா கடை ரெஜிபோம் பெட்டி,
மேற்கு ஒழுங்கையாரின் பம்பர்ஸ்,
எங்கட வளவு இளநீர்க் கோம்பை.
வெல்லாவெளியில் வீதி எது, வாய்க்கால் எது
என்று தெரியவில்லை.
கல்வெட்டைப் பார்த்துத்தான் கால் வைத்தோம்.
அடிவரி முங்கியிருந்தது.
மேல்வரியில் ஒரு நீர்க்காகம்
சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது.

உழவு மெசினில் வந்து அரிசிப் பை கொடுத்தார்.
பையிலும் அவர் முகம்.
‘வரட்டும், நாலு கேள்வி கேட்கிறேன்’ என்று
முதல்நாள் இரவு முழங்கியவன் நான்.
படம் எடுத்தவன் ‘அண்ணே, கொஞ்சம் இஞ்சால’ என்றான்.

நகர்ந்தேன்.
பல்லெல்லாம் தெரிகிறது.