ஏழாம் எண் இயந்திரம்

ஜெலுத்தோங் கடைவீட்டின் மாடியில்
சனிக்கிழமை வகுப்பு.
ஆறு பெற்றோர், ஆறு பிள்ளைகள்,
கழுத்து திரும்பாத ஒரு மின்விசிறி.
மிஸ் ஓங் பித்தளைக் கிண்ணத்தைத் தட்டுவார்.
ஓசை தீரும்வரை கேளுங்கள்,
தீர்ந்ததும் கையை உயர்த்துங்கள்.

கைகள் ஒவ்வொன்றாய் எழும்.
முதல் கை என்னுடையது.
ஓசை தீர்ந்ததா, உண்மையில் எனக்குத் தெரியாது.
கீழே காரை இன்னொரு காரின் வழியை மறித்து
நிறுத்திவிட்டு வந்திருந்தேன்.

நிமலன் மட்டும் உயர்த்த மாட்டான்.
முழங்கால்களுக்கு நடுவே தலையைப் புதைத்து
பாய் விளிம்பில் நூல் எண்ணுவான்.
மூன்று வாரம் இப்படி.
நாலாவது வாரம்
கிண்ணத்தை எடுத்ததுமே அலறினான்.
அவனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது
எங்களுக்குப் பின்னால் யாரோ
கதவை மிக மெல்லச் சாத்தினார்கள்.
அந்த மென்மையைத்தான் தாங்க முடியவில்லை.

பாயான் லெப்பாஸில் எனக்கு வேலை.
நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து
சில்லுகளில் கீறல் தேடுவது.
கண்டால் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும்.
பன்னிரண்டு மணி நேரம்.
முகமூடியை, நீல அங்கியை, கையுறையைக்
கழற்றிவிட்டுத்தான் வெளியே வருகிறேன்.
அந்தக் கண்ணைச் சிலநாள்
வீடுவரை போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன்.
அவன் நடப்பதைப் பார்க்கிறேன்,
சாப்பிடுவதைப் பார்க்கிறேன்,
கைகளை உதறுவதைப் பார்க்கிறேன்.

நேற்று அதிகாலை இரண்டு மணி.
போர்வை நனைந்துவிட்டது.
மேகலா எழுந்தாள், நீ தூங்கு என்றேன்.
கூடையும் அவனுமாய்
விடிய விடியத் திறந்திருக்கும் டோபிக்கு வந்தோம்.
பன்னிரண்டு இயந்திரங்கள். பதினொன்று காலி.
ஏழில் மட்டும் யாருடையதோ சுழல்கிறது.
சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் ஒருவன்,
பச்சைச் சட்டை, மடியில் தலைக்கவசம்,
உட்கார்ந்தபடி தூங்குகிறான்.
ஆறு காலியா இருக்கே நிமல், என்றேன்.
ஏழு, என்றான்.
இருபத்திரண்டு நிமிடம் காத்திருந்தோம்.

பிறகு எங்கள் முறை.
என் கசங்கிய ஐந்து ரிங்கிட்டை
இரண்டு முறை துப்பிவிட்டு
மூன்றாம் முறை விழுங்கியது பெட்டி.
வட்டக் கண்ணாடிக்கு முன்
தரையில் சம்மணமிட்டு அமர்ந்தான்.
இயந்திரம் எந்தச் சுருதியில் முனகுகிறதோ
அதே சுருதியில் முனகினான், இம்மி பிசகாமல்.
போதுமா, வீட்டுக்குப் போகலாமா என்று
வழக்கமாக நான் ஐந்து முறை கேட்பேன்.
நேற்று பேசக்கூட அலுப்பாக இருந்தது.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
தரை சில்லிட்டது.

தாரிக் நாபாஸ், என்பார் மிஸ் ஓங். மூச்சை இழு.
உருளை இடப்பக்கம் சுற்றும்போது இழுத்தேன்.
வலப்பக்கம் சுற்றும்போது விட்டேன்.
திசை மாறுமுன் கொஞ்சம் தயங்குகிறது அது.
இத்தனை வருடம் துவைத்தும்
அந்தத் தயக்கத்தை நான் பார்த்ததில்லை.
போர்வை உச்சிவரை ஏறி,
ஒட்டலாமா விழலாமா என யோசித்து,
பொத்தென்று விழுகிறது.
ஒவ்வொரு விழுதலுக்கும்
நிமலன் கைகளைச் சிறகடித்தான்.
ஒன்பதாவதோ பத்தாவதோ விழுந்தபோது
என் கையும் லேசாக அசைந்தது.
பச்சைச் சட்டைக்காரன் பார்க்கவில்லை.

சுழியம் காட்டி நின்றது இயந்திரம்.
நான் எழப்போனேன்.
என் காற்சட்டையைப் பிடித்து இழுத்தான்.

தரைக்கடியில் தண்ணீர் வடிந்தது.
குளிர்பானப் பெட்டி உறுமி ஓய்ந்தது.
ஒரு பல்லி சொன்னது.
பாலத்துப் பக்கம் போகும் மோட்டார் சைக்கிள்
சின்னதாகி, இன்னும் சின்னதாகி,
கொசுவளவாகி,

நிமலன் கையை உயர்த்தினான்.
நேராக. விரல்கள் விரிய.
முகம் கண்ணாடிப் பக்கமே இருந்தது.

நான் உயர்த்தவில்லை.
எனக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

உலர்த்தும் பெட்டிக்குச் சில்லறை இல்லை.
ஈரப் போர்வையோடே திரும்பினோம்.
காரின் கண்ணாடியெல்லாம் மூடுபனி.

ஏன் இவ்வளவு நேரம், என்றாள் மேகலா.
ஏழு காலியா இல்ல, என்றேன்.